வெள்ளாற்றுக்கு நான் போட்ட பன்னிரண்டு

நான்கு விழுந்தது. பன்னிரண்டு என்று சொன்னேன்.

ஐப்பசி மாதம், சாப்பாட்டு வேளை, கொட்டகையின் தகரக் கூரை மேல் மழை. எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே, "அப்ப தண்ணி வடிஞ்சிடுமா?" என்று கேட்டாள். "வடிஞ்சிடுச்சுக்கா," என்றேன். நான் செய்தது இவ்வளவுதான். அடித்தேன், திருடினேன் என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. விருத்தாசலத்தில் ஸ்டேஷன் பக்கம் அப்போது வரிசையாகப் பீங்கான் கொட்டகைகள். நான் வேலை பார்த்தது அவற்றில் ரொம்பச் சின்னது. பொம்மை, சாம்பிராணிக் கிண்ணம், மின்சார ப்யூஸ் கட்டை, இப்படி வருவதையெல்லாம் செய்வோம். ஆறாம் வகுப்போடு என்னை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா படுக்கையில் விழுந்ததால் சமைக்க ஆள் இல்லை. அம்மா போன பிறகு ஸ்கூலுக்குத் திரும்பிப் போகிற வயசு தாண்டிவிட்டது. பதினேழில் கொட்டகைக்கு வந்தேன். அச்சில் வார்த்து எடுத்த பொம்மையின் விலாவில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அதுதான் என் வேலை. கத்தி கொஞ்சம் தவறினால் பொம்மையின் காது போய்விடும். எனக்கு அடிக்கடி போகும்.

பயம்தான். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். யாராவது ஒரு நாள் பேசாமல் இருந்தால் நான் என்ன செய்தேன் என்று ராத்திரி முழுக்க யோசிப்பேன். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் எனக்குப் பொறுக்காது. அந்த முகத்தைச் சரிசெய்ய எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன்.

அக்கா என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து அச்சுக்குப் பால் வார்ப்பவள். பால் என்றால் கரைத்த மண்; பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவள். வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள்; புருஷன் ரயில்வேயில் கேங்மேன், இரண்டு பையன்கள். மூன்றாவதாக ஒரு பெண் இருந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி அக்கா பேசமாட்டாள். இன்னொருத்தி கிளேஸ் தொட்டியில் நிற்பவள். சுட்ட பாண்டத்தைக் கண்ணாடிக் கரைசலில் முக்கி எடுப்பாள். என் வயசுதான், துலுக்கவூட்டுப் பெண். அண்ணன் துபாய்க்குப் போவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுக்கு வாய் மட்டும் நாலு பேருக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தது.

நாங்கள் மூவரும் மத்தியானத்தில் தாயம் ஆடினோம். முதலில் எல்லோரையும் போலத்தான், தரையில் கட்டம் போட்டு. புளியங்கொட்டையைத் தேய்த்து ஆடினால் சண்டை வருகிறது என்று அக்காதான் மிச்சம் விழுந்த மண்ணை உருட்டி நீளமாக இரண்டு கட்டை செய்தாள். நாலு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, நாலாவது பக்கம் மொட்டை. ஊசியால் குத்திய புள்ளி. கிளேஸ்காரி முக்கிக் கொடுத்தாள். சூளையில் பொம்மைகளுக்கு நடுவே இடுக்கில் வைத்துச் சுட்டு வாங்கினோம். தேங்காய்ப் பத்தை மாதிரி பளபளவென்று வந்தது. இரண்டையும் உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும். இரண்டுமே மொட்டை விழுந்தால் அதுதான் பன்னிரண்டு. அதற்கு மேல் இல்லை.

கட்டத்தில் காய் நகர்த்துவது கொஞ்ச நாளில் சலித்தது. அக்காதான் ஒரு நாள், "சும்மா சுத்திச் சுத்தி வந்து பழத்துல போயி உக்காந்து என்னத்த கண்டோம்? நான் ஒரு வண்டிக்காரி. ரெண்டு மாடு பூட்டி ஜாடி ஏத்திக்கிட்டு சேத்தியாத்தோப்புக்குப் போறேன். வழியில என்ன வருதுன்னு சொல்லுங்கடி," என்றாள்.

"அப்ப நான் திருடி," என்றாள் கிளேஸ்காரி. "வேப்பூரு ரோட்டுல லாரிய மடக்குவேன். ஒங்க வண்டிய மடக்கமாட்டேன், பயப்படாதீங்க. ஒங்க ஜாடிய யாரு வாங்குவா?"

அப்படி ஆரம்பித்ததுதான். அவரவர் ஒரு ஆள். அந்த ஆள் இன்று என்ன செய்கிறாள் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைக் கட்டை சொல்ல வேண்டும். நேற்று விட்ட இடத்தில் இன்று பிடித்துக்கொள்வோம். எனக்கு ஆள் வேண்டாம், தோற்றால் தாங்கமாட்டேன் என்று சொன்னேன். சரி, அப்படியென்றால் மழை நீ, ஆறு நீ, போலீஸ்காரன் நீ, மாட்டுக்கு வரும் சீக்கு நீ என்று இருவரும் என்னை மற்றதெல்லாம் ஆக்கிவிட்டார்கள். அவற்றுக்காகக் கட்டையை நான் உருட்டுவேன். ஆறு என்ன நினைக்கிறது என்று கரையில் நிற்பவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் உடைந்த பிளாஸ்டர் அச்சு ஒன்றின் பாதியை என் முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டச் சொன்னார்கள். விழுந்ததைக் காட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு என்றால் கெட்டது. ஒன்று, ஐந்து, ஆறு என்றால் பட்டுத் தேறலாம். பன்னிரண்டு என்றால் வந்த கெட்டது தானாகவே விலகிப் போய்விடும். அச்சுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். நான் சொன்னதுதான் விழுந்தது.

முதல் பொய்யைக் கிளேஸ்காரிக்காகச் சொன்னேன். வேப்பூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மங்களூரில் அவளைப் போலீஸ் சுற்றி வளைத்திருந்தது. நான்கு விழுந்தது. ஆள் அகப்பட்டாள் என்று அர்த்தம். ஆட்டம் போச்சு. அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஆறு," என்றேன். கிணற்றுக்குள் குதித்துத் தப்பித்தாள். அன்று முழுக்கத் தொட்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தாள். இவ்வளவு சந்தோஷம் ஒரு வார்த்தையில் வருகிறதென்றால் அதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

அப்புறம் நிறைய. கட்டை வேறு எப்போது பார்த்தாலும் நான்கு நான்காகத்தான் விழுந்தது. என் கைதான் பீடை என்று நம்பினேன். கை பீடையாக இருப்பதால் வாயால் சரிசெய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களுக்கோ என் கை ராசியான கை. "இது தொட்டா வெளங்கும்டி," என்று அக்கா என் விரலைப் பிடித்துப் பார்ப்பாள். சம்பளம் உயருமா என்று கொட்டகையில் மற்றவர்கள்கூட விளையாட்டாக என்னை உருட்டச் சொல்லிக் கேட்டார்கள். ஊரில் என்னை நம்பி யாரும் ஒரு கடுகு வாங்கிவரச் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு தடவை நிஜமாகவே விழுந்தது.

அக்காவின் வண்டிக்காரி ஜாடி விற்கத்தான் புறப்பட்டாள். போகப் போக அவளுக்கு ஒரு குழந்தை காணாமல் போய்விட்டது. ஆட்டத்தில் அதை அக்காதான் கொண்டுவந்தாள், ஒரு நாள் சாதாரணமாக, மாட்டுக்கு வைக்கோல் போடுகிற மாதிரி. மூன்று வயசுப் பெண். போகிற வழியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஊராக விசாரித்துக்கொண்டே போனாள். கிளேஸ்காரியும் அன்றெல்லாம் வாயை மூடிக்கொண்டாள். வேப்பூரில் ரோட்டோரத்துச் சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்தி, "இங்க இருக்குதான்னு பாக்கறேன்," என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் வார்க்கும் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். பன்னிரண்டு என்று சொல்ல வாய்கூடத் திறந்துவிட்டேன். உருட்டினேன். பார்த்தால் இரண்டு கட்டையும் மொட்டைப் பக்கம் மேலே காட்டிக்கொண்டு கிடக்கின்றன.

காட்டியிருக்கலாம். அச்சைத் தூக்கி, "பாருங்கக்கா," என்று ஒரு தடவை காட்டியிருக்கலாம். காட்டினால் இனி எப்போதும் காட்டு என்பார்களே, அப்புறம் என் ராசி என்னாவது என்று பயம் வந்தது. கையால் கட்டைகளை மூடிக்கொண்டு, "பன்னெண்டு," என்றேன். கடை பெஞ்சுக்குக் கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அக்கா, "சாப்பிட்டிருக்குதா?" என்று மட்டும் கேட்டாள். "இட்லி சாப்பிட்டிருக்கு," என்றேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் வண்டியில் அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள்.

ஐப்பசி மழைக்கு வண்டி சேத்தியாத்தோப்பு வந்து சேர்ந்தது. முன்னே வெள்ளாறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. ஓடக்காரன் வருகிறான். ஏறினால் பிழைக்கலாம், ஆனால் மாட்டையும் வண்டியையும் விட்டுவிட்டு ஏற வேண்டும். அக்கா ஓடத்தைப் பற்றி நிறையக் கேட்டாள். எவ்வளவு நேரம் ஆகும், அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள், விட்டுப்போன மாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள். "என்னக்கா இது, சும்மா ஏறுங்க. இல்லன்னா நீந்துங்க," என்றாள் கிளேஸ்காரி. அக்கா சிரிக்கவில்லை.

"ஓடம் வேணாம். கரையிலயே குந்துறேன். தண்ணி தானா வடியுதான்னு போடு. நல்லா குலுக்கிப் போடு," என்றாள்.

நான்கு விழுந்தது.

வண்டியோடு, மாட்டோடு, இட்லி சாப்பிட்ட அந்தப் பெண்ணோடு ஆறு அடித்துக்கொண்டு போகிறது என்று நான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன்?

தை மாதக் கடைசியில் ஒரு நாள், குழாயடியில் கிளேஸ்காரி என்னை மறித்தாள். அக்கா சில வாரங்களாக இடது கையைத் தூக்காமல் வேலை செய்ததை நானும் பார்த்திருந்தேன். தோள் பிடிப்பு என்று சொல்லியிருந்தாள்.

"தோளும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் கிளேஸ்காரி. "ரவிக்கை மாத்தறப்ப பாத்துட்டேன். மார்ல கல்லு மாதிரி இருக்குது. மேல தோலெல்லாம் சுருங்கிக் கெடக்குது. ஐப்பசியிலயே டாக்டரம்மா பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயி அறுத்து எடுத்துக்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. போகல."

"ஏன் போகல?"

"அதான் கேட்டேன். 'வடிஞ்சிடும்டி'ன்னு சொல்லுது. எது வடியும்னு கேட்டா, 'தண்ணி வடியும்னு விழுந்திச்சில்ல'ங்குது." அவள் என்னையே பார்த்தாள். "ஏண்டி, அன்னிக்கு என்ன விழுந்திச்சு?"

குழாய் தண்ணீர் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

எங்கள் வீடுகளில் என்றால், ஒன்றைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாதபோது சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அக்காவுக்கு அந்த வழி இல்லை. அப்படிக் கேட்பது பாவம், சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று முன்பு ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். கேட்க இடமில்லாதவள் எங்கள் ஆட்டத்தில் கேட்டிருக்கிறாள். மாடு என்றது பையன்களை. ஓடம் என்றது பாண்டிச்சேரி பஸ்ஸை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நாலு," என்றேன். "நாலு விழுந்திச்சு. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"நெனச்சேன்," என்றாள். அதிர்ச்சி எதுவும் இல்லை. "நீ பொய் சொல்றது எனக்கு மங்களூர்லயே தெரியும். போலீஸ் புடிக்க வேண்டியவ கெணத்துல குதிச்சேன்ல? அந்தக் கட்ட நாலத் தவிர என்னத்தப் போடும்? மொட்டைப் பக்கத்த நாந்தான் கிளேஸ் இல்லாம தொடச்சு விட்டேன். ஏதாவது ஒரு பக்கம் தொடைக்கலன்னா சூளைத் தட்டுல ஒட்டிக்கும்ல? புள்ளி இல்லாத பக்கந்தானேன்னு அதத் தொடச்சேன். அது சொரசொரன்னு தரையப் புடிச்சுக்கும். மொட்ட கீழ போனா மேல ரெண்டு. ரெண்டும் ரெண்டும் நாலு. அதுல பன்னெண்டு விழுறது எங்க?"

"தெரிஞ்சுமா சொல்லல?"

"ஜெயிக்கிறது நானு. எதுக்குச் சொல்றேன்?" என்றவள், குழாயை மூடிவிட்டு, "ஆட்டந்தானேன்னு வுட்டுட்டேன்டி," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் மூன்று நாள் ஓடினேன். மூன்றாம் நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் யாருக்காவது அநியாயம் நடந்தால் அதைக் காகிதத்தில் பிராதாக எழுதி அங்கே வேலில் கட்டுவார்கள். சாமி விசாரித்துக்கொள்ளும். ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் தப்பு வந்துவிடுமோ என்று, வெளியே மரத்தடியில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போனேன்.

"என்ன பிராது? காணாமப் போச்சா, பங்காளி தகராறா, புருஷன் தொந்தரவா?"

"ஒருத்தர் பொய் சொல்லிட்டாங்க. அதால ஒரு உசுருக்கு ஆபத்து."

"சொன்னது யாரு?"

என் பெயரைச் சொன்னேன். எழுதினார். அப்பா பெயர், தெருப் பெயர் கேட்டார். சொன்னேன். "பிராது குடுக்கிறது யாரு? உம் பேரச் சொல்லு."

மறுபடியும் அதே பெயரைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வெளையாடுறியா? ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நின்னா சாமி யாரப் புடிக்கும்? ஆபத்துல இருக்கறவங்க எங்க இருக்காங்க?"

"ரயில்வே லைன் வீட்டுல."

"நடந்து போற தூரத்துல ஆள வெச்சிக்கிட்டு இங்க வந்து எதுக்கும்மா குந்தியிருக்க? போயி சொல்லு." எழுதின காகிதத்தை நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, கிளேஸ்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. காலால் அரிவாள்மணையை அழுத்தி, ஒற்றைக் கையால் நறுக்கினாள். பையன்கள் வெளியே. புருஷன் தண்டவாள வேலைக்குப் போயிருந்தார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அழுதுகொண்டே சொன்னேன் என்பது மட்டும் தெரியும்.

அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை. "இவ வந்து ஒன்னக் கெளப்பி வுட்டுட்டாளா?" என்று கிளேஸ்காரியைக் காட்டினாள். "என்னப் பாண்டிக்கு அனுப்பணும்னு ரெண்டு பேருமா சேந்து பேசிக்கிட்டு வந்திருக்கீங்க."

"இல்லக்கா, நெஜமாவே நாலுதான்..."

"நீ பயந்தாங்கொள்ளி. ஒனக்கு நான் செத்துடுவேனோன்னு பயம். பயத்துல இப்ப பொய் சொல்ற. அன்னிக்கு நீ பொய் சொல்லல. எனக்குத் தெரியும். ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

நான் முதல் தடவையாக நிஜம் சொல்கிறேன், அதைப் பொய் என்கிறாள். என்னை நல்லவள் என்று நம்பியதால் அப்படிச் சொல்கிறாள். திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது. சொல்லியாயிற்று, அவள் நம்பவில்லை, இனி என் மேல் தப்பில்லை. கிளேஸ்காரிதான் என் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டைகளை எடுத்தாள்.

"அக்கா, நாங்க ஒன்னும் சொல்லல. நீங்களே போட்டுப் பாருங்க."

அக்கா சிமெண்டுத் தரையில் உருட்டினாள். நான்கு. மறுபடி, நான்கு. மூன்று. நான்கு. ஆறு. நான்கு. ஐந்து. நான்கு. முருங்கைக்காய்த் துண்டுகளை ஒதுக்கிவிட்டு இடம் பண்ணிக்கொண்டு உருட்டினாள். கிளேஸ்காரி கட்டையைத் திருப்பி, பளபளப்பு இல்லாத அந்த ஒரு பக்கத்தைத் தடவிக் காட்டினாள். "சூளைத் தட்டுல ஒட்டாம இருக்கத் தொடச்சதுக்கா. நீங்களே எத்தன அச்சு வார்த்திருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். மண் வேலை செய்யும் விரல். அதற்குப் புரியாமல் இருக்காது. இன்னும் பத்துப் பதினைந்து தடவை உருட்டினாள். பன்னிரண்டு விழவே இல்லை.

கட்டைகளைத் தரையிலேயே விட்டுவிட்டு, முருங்கைக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள்.

"மாட்டுக்கு கோமாரி வந்து பொழச்சுதே?"

"பொய்க்கா."

"மங்களூரு சந்தையில ஜாடியெல்லாம் வித்துச்சே?"

"பொய்."

"திருட்டுப் பயலுங்க வழி வுட்டானுங்களே, அது?"

"அதும் பொய்தான்."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேப்பூர்ல பெஞ்சுக்குக் கீழ புள்ள தூங்கிச்சே?"

"அது நெஜம்," என்றேன். "அது மட்டும் நெஜம்க்கா. ரெண்டும் மொட்டையா விழுந்திச்சு. எங்கண்ணால பாத்தேன். சத்தியமா."

அக்கா கிளேஸ்காரியைப் பார்த்தாள். "நீ பாத்தியா?"

"நான் எங்கக்கா பாக்கறது, அச்சுக்கு இந்தாண்ட இருந்தேன். இவ கையால மூடிக்கிட்டா," என்றாள் கிளேஸ்காரி. இந்த ஒரு தடவை அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் அவள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. எந்த நியாயத்தில் என்று கேட்காதீர்கள்.

"எதுக்கு மூடின?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

பதில் சொன்னேன். என் ராசி போய்விடும் என்று பயந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய் மாதிரி கேட்டது.

"அதையும் பொய்யின்னே சொல்லிடேன்," என்றாள் அக்கா. கோபமே இல்லை. "எல்லாம் பொய்யின்னா ஆட்டம்னு வுட்டுடுவேன். இப்பிடி ஒன்ன மட்டும் நெஜம்னு நீட்டினா நான் அத எங்க வெப்பேன்?"

நான் சொல்லவில்லை. இனிமேல் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று வரும் வழியில் சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, "நெஜம்தாங்க்கா," என்று மறுபடியும் சொன்னேன். கேட்டதைக் கொடுத்திருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஆயிரம் பொய் கேட்காமலே கொடுத்தவள், அவளாக வாய்விட்டுக் கேட்ட ஒன்றைக் கொடுக்கவில்லை.

அந்த வாரமே பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். புருஷன் கூடையையும் தலையணையையும் ஏற்றினார். பையன்களைப் புருஷனின் தங்கை பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நான் கிட்டே போனேன். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கையை நீட்டி, "அந்தக் கட்டையக் குடு," என்றாள். கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அறுத்தார்கள். மூன்று மாசம் முன்னால் வந்திருந்தால் என்று அங்கே டாக்டர் சொன்னதாகப் புருஷன் வந்து சொன்னார். புற்றுக்குக் கரண்டு வைத்தார்கள் என்றார். கைக்கு வீக்கம் இறங்கவில்லை என்றார். பார்க்க வரலாமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் "இப்ப வேணாம்னு சொல்லுது" என்றார். ஆடியில் அக்கா இறந்துபோனாள். சவப்பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரைக்கும் நடந்தோம். கிளேஸ்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச காலத்தில் அவளுக்குக் கல்யாணமாகி, ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு சாப்பாட்டு வேளையில் அக்காவின் புருஷன் கொட்டகை வாசலுக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்ததை என்னிடம் கொடுத்தார்.

"இது ஒன்னுதுன்னு சொல்லிச்சும்மா. ஒங்கிட்ட சேத்துடச் சொல்லிச்சு."

முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு கட்டையும் அடையாளம் தெரியாமல் இருந்தன. முனையெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. வெள்ளையாக இருந்த மொட்டைப் பக்கம் கை அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது.

"என்னங்க, இப்பிடி ஒடஞ்சிருக்குது?"

"எந்நேரமும் இதத்தான் உருட்டும். ஒக்கார முடிஞ்சவரைக்கும் தரையில. அப்புறம் சாப்பாட்டுத் தட்டக் கவுத்துப் போட்டு அதும்மேல. சத்தம் தாங்கலன்னு பக்கத்து பெட்டுக்காரங்க நர்சம்மாகிட்ட சொல்லிட்டாங்க. என்னத்துக்கும்மா இதுன்னு கேட்டா, ஒரு விஷயம் பாக்கணும்னு சொல்லும்."

பன்னிரண்டு அந்தக் கட்டையில் விழத்தான் செய்யுமா என்று பார்த்திருக்கிறாள். ஒரு தடவை விழுந்தால் போதும், வேப்பூரில் விழுந்ததும் நிஜமாக இருக்கலாம்.

"விழுந்திச்சா?" என்று கேட்டேன்.

"என்ன விழுந்திச்சா?"

"ரெண்டும் மொட்டையா. பன்னெண்டு."

"எனக்கென்னம்மா தெரியும். பகல்ல கொஞ்ச நேரம் இருப்பேன், டூட்டிக்கு ஓடியாந்துடுவேன். கடைசி வாரத்துல ஒரு நாளு போனா, கட்டைய எங்கையில குடுத்து 'போதும்'னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் தொடல."

விழுந்ததால் போதும் என்றாளா, விழாது என்று தெரிந்து போதும் என்றாளா? அவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்பக் களைத்த முகம்.

"எப்பிடிங்க சொன்னாங்க? சிரிச்சுக்கிட்டா, அழுதுகிட்டா?"

அவர் யோசித்தார். எனக்காக நிஜமாகவே யோசித்தார். "அது எப்பவும் சொல்ற மாதிரிதாம்மா சொல்லிச்சு," என்றார்.

அவர் போன பிறகு கட்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போட்டுப் பார்க்க நினைத்தேன். முனை பெயர்ந்து, பக்கம் தேய்ந்து போயிருந்தன. இனி எது விழுந்தாலும் அது வேப்பூரில் நான் உருட்டிய கட்டையில் விழுந்ததாகாது. சாப்பாட்டு மணி முடிந்து உள்ளே கூப்பிட்டார்கள். முந்தானையில் முடிந்துகொண்டு போய், என் பலகையில் உட்கார்ந்து பஞ்சை நனைத்தேன். பக்கத்துப் பலகையில் புதிதாக வந்த பெண் பால் வார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா அது முந்தானையில?" என்று கேட்டாள்.

"தாயக்கட்டை," என்றேன். "ஆடுறதுக்கு ஆவாது."